தாராவா, வவ்வாலா?

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பிமாரே. நீங்க கடலோரக் களப்புல கம்பு ஊண்டிப் போட் ஓட்ட வந்து இன்னும் ஒரு வருசம் ஆகல்ல. நான் ஒம்பது வருசம் ஊண்டிட்டு விட்டவன். இப்ப ஓட்டோ ஓட்டுறன். எனக்கு முப்பத்தொரு வயசு. இந்த வயசுல பென்சன் எடுத்த ஆள் மாதிரி உங்களுக்குப் புத்தி சொல்ல வாறது எனக்கே ஒரு மாதிரித்தான் இருக்கு. ஆனா என்ட வெக்கம் அதுக்கில்ல. எதுக்கு எண்டதச் சொல்லத்தான் இத எழுதுறன்.

கம்பு எப்பிடிப் புடிக்கிற, ரெண்டு தோணியச் சேர்த்து எப்பிடிக் கட்டுற, அதெல்லாம் நான் சொல்ல மாட்டன். அது உங்கட கை தானாப் படிச்சிடும். நான் சொல்லப்போறது ஒரு தாராவப் பத்தியும் ஒரு வவ்வாலப் பத்தியும்.

நான் நிந்தவூரான். எட்டாம் வகுப்போட ஸ்கூல விட்டவன். பொத்துவிலுக்கு மாப்பிள்ளையா வந்தன். நான் குடியிருக்கிற வீடு என்ட பொஞ்சாதிட காக்கா கட்டினது. தங்கச்சிக்கு வீடு முடிச்சுக் குடுத்துட்டுத்தான் தனக்குக் கலியாணம் எண்டு நிண்டவன். கல்லும் அவன்தான் சுமந்தான், ஓடும் அவன்தான் ஏத்தினான். அந்த மச்சானோடதான் நானும் போட்ல ஏறினன். அவன்ட பேர நான் எழுத மாட்டன். எங்கட மாமி, அவன்ட உம்மா, அவன்ட பேர எழுத்துல கண்டா அந்தத் தாள மடிச்சு வெச்சிடுவா. மச்சான் எண்டே சொல்லுறன்.

மச்சானுக்குக் களப்புல இருக்கிற ஒவ்வொரு உசிரும் தெரியும். புத்தகம் படிச்ச ஆளில்ல. பார்த்துக்கொண்டே இருப்பான், அவ்வளவுதான். நான் அப்பிடியில்ல. எனக்கு வாய்தான் வேலை. களப்பச் சுத்திப் பார்க்க வாற கெஸ்ட்மாரச் சிரிக்க வெப்பன், தெரியாததையும் தெரிஞ்ச மாதிரிச் சொல்லுவன். உங்களுக்குள்ளயும் ரெண்டு பேர் அப்பிடி இருக்கீங்க, எனக்குத் தெரியும்.

ஒருநாள் கொழும்புல இருந்து வந்த ஒரு குடும்பத்த ஏத்திக்கொண்டு பொழுதுபட்டுத் திரும்பி வாறம். தலைக்கு மேல கருப்பா வரிசையாப் போகுது. நான் எழும்பி நிண்டு கைய நீட்டி, "அந்தா பாருங்க சேர், காட்டுத்தாரா! விசில் அடிக்கிற வாத்து. அம்பது அறுபது போகுது" எண்டன். அவங்க ஃபோன எடுத்து வீடியோ புடிக்காங்க. அந்த நேரம் பார்த்து மேலேருந்து ஒண்டு சேர்ட சட்டையில பொத்தெண்டு விழுந்திச்சு. பார்த்தா பாதி சப்பின பழம்.

பின்னால கம்போட நிண்ட மச்சான் மெதுவாக் கேட்டான்.

"என்ன மச்சான், உங்கட ஊர்த் தாரா இலுப்பப்பழமா திங்கிற?"

சேர்ட பொஞ்சாதி சிரிச்சுச் சிரிச்சுத் தண்ணிக்க விழப் பார்த்தா. எனக்கு மூஞ்சி காய்ஞ்சு போச்சு. அண்டைக்கு ராவே அது துறை முழுக்கப் பரவிட்டு. அடுத்த நாள் காலையில போட் அவிழ்க்கப் போகக்குள்ள ஒருத்தன் கத்துறான், "தாரா மாப்பிள்ளை வாறாரு, வழி விடுங்கடா!" இன்னொருத்தன், "மாப்பிள்ளை, இண்டைக்கு எத்தின தாரா மரத்துல தலைகீழாத் தொங்குது?"

தாரா மாப்பிள்ளை. அதுதான் என்ட பேர் எண்டாகிட்டு. சின்னப் புள்ளையளும் கூப்பிடத் தொடங்கிட்டு. வெளியூர்ல இருந்து வந்த மாப்பிள்ளைக்கு இது எப்பிடிக் குத்தும் எண்டு உங்களுக்கு விளங்கும். எல்லாத்துக்கும் மச்சான்தான் காரணம் எண்டு அவனோட ஒரு கிழமை முகம் குடுத்துக் கதைக்கல்ல.

ஆனா அவன் விடல்ல. போட்ல போகக்குள்ள வரக்குள்ள ஒவ்வொண்டாச் சொல்லித் தருவான். நான் வேணுமெண்டு வேற பக்கம் பார்த்துக்கொண்டு நிப்பன்.

"டேய், கழுத்தப் பாரு. தாராவுக்கு நீட்டுக் கழுத்து, கொஞ்சம் கீழ தொங்கின மாதிரி இருக்கும். காலும் வாலுக்குப் பின்னால நீட்டிக்கொண்டு இருக்கும். வவ்வாலுக்குக் கழுத்தே இல்ல."

"ஓம் ஓம்."

"செட்டையப் பாரு. தாரா பட படவெண்டு அடிக்கும். வவ்வால் நனைஞ்ச சீலைய உதறின மாதிரி மெல்ல மெல்ல அடிக்கும்."

"சரி வாத்தியார்."

"மரத்துல இருக்கிறதெல்லாம் வவ்வால் எண்டும் நினைச்சுடாத. இந்தத் தாராவும் மரத்துல இருக்கும். பொந்துக்குள்ள முட்ட போடும். ஒரே தரத்துல பத்துக் குஞ்சு பொரிக்கும். வவ்வாலுக்கு ஒண்டே ஒண்டுதான். அத நெஞ்சுல ஒட்டிக்கொண்டு பறக்கும்."

"உனக்கு யாருடா இதெல்லாம் சொன்ன?"

"யாரும் சொல்லல்ல. பார்த்தன். உனக்குத் தாரா ஹலால், வவ்வால் ஹராம், அது மட்டும்தான் வித்தியாசம். கறிச்சட்டிய விட்டு வெளிய வந்து பாரு மச்சான்."

அதுக்கு எனக்கும் சிரிப்பு வந்திட்டு. அதோட கோபமும் போச்சு. ஆனா அவன் சொன்னதுல முக்கியமானது ரெண்டு. அத அவன் சிரிக்காமச் சொன்னான். வவ்வால் பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லி முடியத்தான் களப்போரத்துக் கண்ணாக்காட்டு மரங்கள விட்டு வெளிக்கிடும், அதுக்கு முந்தி வெளிக்கிடாது. வெளிக்கிட்டா ஒரே பக்கமா வரிசையாப் போகும், திரும்பி வராது. தாரா அப்பிடியில்ல. கரையில நிக்கிற பன்புல் பத்தைக்குள்ள ஆரும் அசைஞ்சா எல்லாம் ஒண்டா எழும்பும். எழும்பிச் சுத்தும், விசில் அடிச்சு அடிச்சுச் சுத்தும், அந்த இடத்துலயே திரும்பி இறங்கப் பார்க்கும்.

"வவ்வால் தன்ட பாட்டுக்குப் போற சாமான். தாராவ ஒண்டு எழுப்பினாத்தான் எழும்பும். எழுப்பினது மனுசனா, முதலையா, ஆனையா எண்டு நீ பார்க்கணும்" எண்டான்.

இது எனக்குத் தெரியும் தம்பிமாரே. அத மனசுல வெச்சுக்கொண்டு மிச்சத்த வாசிங்க. தெரியாம நடந்தா அது தவறு எண்டு விட்டுடலாம். எனக்குத் தெரியும்.

களப்புக்கு அங்கால இருக்கிற மணல்மேடு உங்களுக்குத் தெரியும்தானே. கெஸ்ட்மார் அதுல ஏறி நிண்டு பொழுது விழுறதப் பார்க்க ஆசப்படுவாங்க. எங்கட காலத்துல அவங்கள நேர இறக்க மாட்டம். ரெண்டு பேர்ல ஒருத்தன் முதல்ல இறங்கி வழி பார்க்கப் போவான். மத்தவன் போட்ல நிண்டு வானத்தப் பார்ப்பான். பன் ஆள் உயரத்துக்கு மேல நிக்கிறதால நடக்கிறவனுக்கு ரெண்டு முழத்துக்கு அங்கால ஒண்டும் தெரியாது. போட்ல நிக்கிறவன்தான் அவனுக்குக் கண். பறவை எழும்பினா கம்பால பலகையில டக் டக் எண்டு ரெண்டு தட்டு. அது கேட்டா நடக்கிறவன் ஏன் எதுக்கு எண்டு பார்க்காமத் திரும்பி ஓடி வரணும். இதுதான் முறை.

நான் சொல்ல வந்த அந்த நாள், கல்முனையில இருந்து ஒரு டீச்சரும் அவட புருசனும் வந்தாங்க. வேற ஆக்கள் இல்ல. டீச்சர் நல்லாக் கதைச்சா. எங்கட நிந்தவூர்ப் பக்கம் எண்டதால எனக்கும் வாய் நிக்கல்ல. மேட்டடியில போட்ட விட்டம். மச்சான் சாரத்த மடிச்சுக் கட்டிக்கொண்டு இறங்கினான். இறங்கக்குள்ள டீச்சரப் பார்த்துச் சொன்னான்:

"இவர்ட்டப் பறவையப் பத்தி ஒண்டும் கேக்காதீங்க டீச்சர். தாரா மாப்பிள்ளை எண்டுதான் ஊர்ல இவருக்குப் பேர்."

"அதென்ன பேர் தம்பி?"

"அவர்ட்டயே கேளுங்க, நல்ல கதை" எண்டு சொல்லிட்டு, வாயக் குவிச்சு அந்தத் தாரா மாதிரியே ஒரு விசில் அடிச்சான். அவன் அத நல்லாச் செய்வான். தாராவே திரும்பிப் பார்க்கும். அடிச்சுட்டு பன்பத்தைக்குள்ள போயிட்டான்.

இவங்க சிரிக்காங்க. எனக்கு உள்ளுக்க கொதிக்குது. புது ஆக்களுக்கு முன்னாலயும் இப்பிடியா எண்டு. நான் கம்ப ஊண்டிப் புடிச்சுக்கொண்டு, அந்தப் பேர் வந்த கதைய என்ட பக்கத்துக்கு வளைச்சு வளைச்சுச் சொல்லிக்கொண்டிருக்கன். வானத்துக்கு முதுகக் காட்டிக்கொண்டு.

டீச்சர்தான் கண்டா.

"தம்பி, அந்தா எழும்புது. அது தாராவா, வவ்வாலா?"

நான் ஒருக்காத் திரும்பினன். கருப்பா ஒரு கூட்டம். கழுத்தப் பார்க்கல்ல. காலப் பார்க்கல்ல. செட்டையப் பார்க்கல்ல. என்ட மனசுல ஓடினது ஒண்டே ஒண்டுதான்: தாரா எண்டு சொல்லி, அது வவ்வாலாப் போனா, இவங்களும் சிரிப்பாங்க.

"வவ்வால் டீச்சர். இது அதுகள் போற நேரம்."

பாங்கு இன்னும் கேக்கல்ல. சூரியன் மலைக்கு மேல நிக்குது.

"சுத்துதே தம்பி? ஒரு இடத்துலயே சுத்துது."

"சுத்தித்தான் போகும்."

"விசில் சத்தமும் கேக்குது."

"அது எங்கட மச்சான். என்னப் பகிடி பண்ணுறான்."

சொல்லிட்டு நானும் வாயக் குவிச்சுத் திருப்பி ஒரு விசில் அடிச்சன். அவனுக்குக் கேக்கட்டும் எண்டு உரக்க அடிச்சன். அவங்க ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சன்.

கம்பு என்ட கையிலதான் இருந்திச்சு. ரெண்டு தட்டுத் தட்ட எவ்வளவு நேரம் போகும்?

பன் முறியிற சத்தம் கேட்டிச்சு. பிறகு மச்சான்ட சத்தம், ஒரே ஒருக்கா. "உம்மா" எண்டு. அதுக்குப் பிறகு ஆனைட சத்தம்தான். அதுக்கு மேல நான் எழுத மாட்டன். உங்களுக்கும் அது தேவையில்ல.

நான் கரைக்குக் குதிக்கப் போனன். டீச்சர்ட புருசன் என்ட சாரத்தப் புடிச்சு, "தள்ளுங்க தம்பி, போட்டத் தள்ளுங்க" எண்டு கத்துறாரு. பன் அசைஞ்சு அசைஞ்சு எங்கட பக்கம் வருது. நான் தள்ளினன். நடுக்களப்புக்குக் கொண்டு வந்து சேர்த்தன். அப்பதான் பள்ளியில பாங்கு கேட்டிச்சு. பாங்கு முடிய கண்ணாக்காட்டுல இருந்து வவ்வால் வெளிக்கிட்டிச்சு. ஒண்டுக்குப் பின்னால ஒண்டா, சத்தமே இல்லாம, மெல்ல மெல்ல அடிச்சுக்கொண்டு, ஒரே வரிசையா எங்கட தலைக்கு மேலால போச்சு. டீச்சர் அண்ணாந்து பார்த்தா. பிறகு என்னப் பார்த்தா.

துறையில சனம் கூடிட்டு. மத்த போட்காரர்தான் போய் மச்சானக் கொண்டு வந்தாங்க. வனஜீவராசி ஆபீசர் ஒருத்தர் வந்து என்னத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாரு.

"ஆனை நிக்கிறதுக்கு அறிகுறி ஏதும் தெரிஞ்சிச்சா? பறவை கிறவை எழும்பிச்சா?"

"இல்ல சேர். ஒரு அறிகுறியும் இருக்கல்ல."

டீச்சர் மூணடி தள்ளித்தான் நிண்டா. அவக்குக் கேட்டிச்சு. சொல்லியிருக்கலாம். சொல்லல்ல. ஏன் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. என்ட கோலத்தப் பார்த்து இரக்கப்பட்டாவோ என்னவோ.

ஒருக்காச் சொன்ன பொய் பிறகு தன்ட கால்லயே நடந்திச்சு. ஜனாஸா வீட்டுல சொன்னன். பள்ளியில கேட்டவங்களுக்குச் சொன்னன். மாமிக்குச் சொன்னன். என்ட பொஞ்சாதி அழுது அழுது கேக்கக்குள்ள அவட தலையத் தடவிக்கொண்டு சொன்னன், "ஒண்டும் தெரியல்ல புள்ள, அவனுக்கு அல்லா தந்த ஹயாத்து அவ்வளவுதான்." அல்லாட மேல போட்டன் தம்பிமாரே, என்ட வாயால நடந்தத. சனம் என்னப் புகழ்ந்தாங்க. தன்ட மச்சான் மௌத்தாகிற நேரத்துலயும் நிதானம் தவறாம ரெண்டு உசிரக் காப்பாத்தினவன் எண்டாங்க. பெரியவங்க கையப் புடிச்சு முசாபா செய்தாங்க. அந்தக் கைய எங்க வெக்கிற எண்டு எனக்குத் தெரியல்ல.

போட்ட விட்டன். மச்சான் இல்லாம ஊண்ட ஏலா எண்டு சொன்னன். அதுவும் பாதிதான் உண்மை. வானத்தப் பார்க்க ஏலாமத்தான் விட்டன்.

இப்பிடியே இருந்திருப்பன். இதோடயே கப்றுக்கும் போயிருப்பன். போன மாசம் உங்கள்ல ஒருத்தன் என்ட ஓட்டோவுல வந்தான். பேர் சொல்ல மாட்டன், அவனுக்குத் தெரியும். கதையோட கதையாக் கேட்டன், "மேட்டடியில வழி பார்க்கப் போகக்குள்ள போட்ல நிக்கிறவன் வானத்தப் பார்க்கானா?"

அவன் சிரிச்சான். "அதெல்லாம் இப்ப இல்ல காக்கா. ஆனை வாறதுக்கு அறிகுறியே இருக்காது எண்டு நீங்கதானே சொல்லியிருக்கீங்க. உங்கட மச்சான் போன அண்டைக்கு நீங்களும் பார்த்துக்கொண்டுதானே நிண்டீங்க? பார்த்து என்ன நடந்திச்சு? இப்ப ரெண்டு பேரும் ஒண்டாத்தான் இறங்கிப் போற. சுறுக்கா முடிஞ்சிடும்."

ஓட்டோவ ரோட்டோரத்துல நிப்பாட்டிட்டன். அவன், "என்ன காக்கா, பெட்ரோல் முடிஞ்சிட்டா?" எண்டு கேக்கான்.

என்ட பொய் உங்களுக்குப் பாடமாப் போயிட்டு. மச்சான் வருசக்கணக்காப் பார்த்துப் பார்த்துச் சொன்னதெல்லாம் போய், நான் ஒரு நிமிசத்துல பயந்து சொன்னது முறையாகிட்டு. இன்னும் ஒரு வீட்டுல ஜனாஸா எடுக்கிற வரைக்கும் வாய மூடிக்கொண்டிருக்க எனக்கு ஏலாமப் போச்சு.

ஆனா உங்களுக்குச் சொல்ல முந்தி என்ட வீட்டுலதான் சொல்லணும். ரெண்டு நாள் திரிஞ்சன். மூணாம் நாள் காலையில மாமி குசினிக்குள்ள அரிசி புடைச்சுக்கொண்டு இருந்தா. நான் கதவுநிலையில குந்தினன். எல்லாத்தையும் சொன்னன். டீச்சர் கேட்டத, நான் சொன்னத, கம்பு கையில இருந்தத, ஆபீசர்ட்டச் சொன்ன பொய்ய. சுளகு நிண்டிட்டு. மாமி என்னப் பார்க்கல்ல, அரிசியத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

பிறகு கேட்டா:

"அந்த விசில் அவன் அடிக்கல்லயா?"

"இல்ல மாமி. அது தாரா."

"நீ அடிச்சது அவனுக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும் மாமி. உரக்கத்தான் அடிச்சன்."

மாமி ஒரு கல்லப் பொறுக்கி எடுத்து ஓரமா வெச்சா.

"அப்ப அவன் நினைச்சிருப்பான், மச்சான் பார்த்துக்கொண்டுதான் நிக்கான் எண்டு."

இவ்வளவு நாளா அந்தப் பக்கம் மட்டும் நான் யோசிக்கல்ல. தலைக்கு மேல தாரா சுத்துறது அவனுக்கும் கேட்டிருக்கும். அவனுக்கா தெரியாது? நிண்டிருப்பான். தட்டுற சத்தத்துக்குக் காது குடுத்திருப்பான். தட்டுக்குப் பதிலா என்ட விசில்தான் போயிருக்கு. நான் கண்டுட்டன், கண்டும் விசில் அடிச்சுச் சிரிக்கன் எண்டா ஒண்டும் இல்ல எண்டு நம்பி, அடுத்த அடிய வெச்சிருப்பான்.

என்ட பொஞ்சாதி பின்கதவுல நிண்டு எல்லாத்தையும் கேட்டிருக்கா. நான் திரும்பக்குள்ளதான் கண்டன். அவ உள்ளுக்கப் போய்க் கதவச் சாத்திட்டா. இண்டைக்கு வரைக்கும் சோறு போடுறா, கதைக்கிறதில்ல. அவட காக்கா கட்டின வீடு. போகச் சொன்னாப் போவன். இன்னும் சொல்லல்ல.

மாமி மட்டும் நான் எழும்பக்குள்ள, "போய் அந்தப் புள்ளையளுக்குச் சொல்லு" எண்டா. மன்னிச்சிட்டன் எண்டு சொல்லல்ல. நானும் கேக்கல்ல.

ஆபீசர்ட்டயும் போய்ச் சொல்லிட்டன். இப்ப உங்களுக்குச் சொல்லுறன்.

தம்பிமாரே, இண்டைக்குப் பின்னேரம் அஸருக்குப் பிறகும் நீங்க போட் எடுப்பீங்க. ரெண்டு பேரும் ஒண்டா இறங்காதீங்க. ஒருத்தன் நடக்கட்டும், ஒருத்தன் போட்ல நிக்கட்டும். நிக்கிறவன் கெஸ்டோட கதைக்கப்படாது, அவங்க ஜனாதிபதியா இருந்தாலும் சரி. கருப்பா ஏதும் எழும்பினா, பாங்கு சொல்லிட்டாங்களா எண்டு பாருங்க. கழுத்து இருக்கா எண்டு பாருங்க. சுத்துதா, நேராப் போகுதா எண்டு பாருங்க. இதெல்லாம் பார்க்க நேரம் இல்லையா, சந்தேகமா, அப்ப ஒண்டும் பார்க்காதீங்க. தட்டுங்க. ரெண்டு தட்டு.

அது வவ்வாலாத்தான் இருக்கும், பத்துக்கு ஒம்பது தரம். நடந்தவன் மூச்சு வாங்க ஓடி வந்து உனக்கு ஏசுவான். கெஸ்ட் சிரிப்பாங்க. அடுத்த நாள் துறையில உனக்கு ஒரு பேர் வெப்பாங்க. வெக்கட்டும்.

எனக்கும் அப்பிடி ஒரு பேர் இருந்திச்சு. மச்சான் மௌத்தானதுக்குப் பிறகு, பாவம் எண்டு, ஒருத்தரும் என்ன அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்ல.